தொட்டியைச் சுற்றிக் கட்டிய வீடு

திங்கள்நகரில் எனக்குக் கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, டீப்பாய் மேலே போட என்று அளவு எழுதிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அந்த அம்மா வந்த அன்று அளவு எதுவும் கொண்டுவரவில்லை.

"தம்பி, ஒங்க கடையில ஆகத் தடிச்ச கண்ணாடி எது?"

பத்தொன்பது மில்லி உண்டு, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும், பெரிய நகைக்கடைகளில்தான் அதைப் போடுவார்கள் என்றேன். "வீட்டுக்கு எதுக்கு அவ்வளவு கனம்? கரடியா வளக்கப் போறீய?"

"கடல்," என்றார். சிரிக்கவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, என் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தார்.

இது இரண்டாயிரத்து எட்டு வாக்கில். நெய்யூர்க்காரர். குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் நெடுங்காலம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவருடைய வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் ரிட்டயர்டு வாத்தியார், கிண்டல் கலக்காமல் ஒரு வாக்கியம் பேசமாட்டார். அவரை நான் சார் என்பேன். சிஸ்டர் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் எனக்கு அவர் பெயர் வாயில் வராது.

வீடு கட்டுகிற இடத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். அஸ்திவாரம் மட்டும்தான் எழும்பியிருந்தது. ஹால் வரவேண்டிய இடத்தின் நடுவில், தரைக்கு அடியிலிருந்து தனியாக ஒரு கான்கிரீட் மேடை வந்துகொண்டிருந்தது. செம்மண்ணைத் தோண்டிப் பாறை தட்டும்வரை இறங்கி, அங்கிருந்து கம்பி கட்டி எழுப்பியிருந்தார்கள். கொத்தனார் அதை ஏதோ பலிபீடம் என்று நினைத்து, மேலே செருப்புக் காலை வைக்கவே பயந்தாராம். தண்ணீர் வழிந்தோட ஒரு குழாய், மேடைக்குக் கீழே தண்ணீரை வடிகட்ட இன்னொரு சின்னத் தொட்டிக்கு இடம், கரண்டுக்குத் தனி லைன், இன்வெர்ட்டருக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் இடம் குறித்தாகிவிட்டது. சுவர்கள்தான் இன்னும் வரவில்லை.

"பாத்தீரா வே," என்றார் சார். "ஊரெல்லாம் வீட்டுக்குள்ள தொட்டி வைக்கும். இவ தொட்டியச் சுத்தி வீடு வைக்கா."

எட்டடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம். நிறைந்தால் தண்ணீர் மட்டுமே ஒரு ஜீப்பின் எடை வரும். நான் அதுவரை ஒட்டியதெல்லாம் வீட்டு மேஜையில் வைக்கிற சின்ன மீன் தொட்டிகள். முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"ஒட்டத் தெரியுமா தம்பி?"

"தெரியும். ஆனா..."

"அந்த ஆனாவ சரி பண்ணிட்டு வாங்க. எனக்கு அவசரம் இல்ல."

வீடு முடிந்து, சாமான்கள் வந்து, ஹால் நடுவில் வெறும் மேடை மட்டும் நின்றது. அந்த மாதங்களில் நான் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் பெரிய தொட்டி ஒட்டியவர்களைத் தேடிப் போய்ப் பார்த்துவந்தேன். ஒருதடவைகூட அவர் போன் செய்து என்னாச்சு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்கு சொல்லித் தப்பித்திருப்பேன்.

ஒட்டி முடித்ததும், சிலிக்கான் இறுக ஒரு வாரம் போதும் என்றேன். மூன்று வாரம் விட்டார். பிறகு தண்ணீர் விட்டுப் பார்க்கிற நாள் வந்தது. மேடையின் விளிம்பைச் சுற்றி சாரின் பழைய செய்தித்தாள்களை விரித்துவைத்தார். ஒரு சொட்டு கசிந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். கால் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். "இன்னைக்கு இது போதும்." மறுநாள் அரைத் தொட்டி. அதற்கு மறுநாள் முக்கால். நான் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, முழங்காலிட்டுத் தாள் தாளாகத் தடவிப் பார்ப்பேன். முழுவதும் நிறைந்த அன்று முன்கண்ணாடியின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்தேன். நடுவில் கண்ணாடி மிக லேசாக வெளியே வளைந்திருந்தது. அவ்வளவு தண்ணீருக்கு அது இயல்புதான் என்று தெரியும். ஆனாலும் நூலை மறுபடி இழுத்துப் பார்த்தேன். அவர் வந்து அந்த வளைவின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல்காரரின் நெற்றியில் வைப்பதுபோல.

"தாங்குது தம்பி. நல்ல வேல."

எதற்காக இதெல்லாம் என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க ஆஸ்பத்திரியில ஒரு தொட்டி கொண்டு வச்சாவ. டயாலிசிஸ்னா மணிக்கணக்கா மெஷின்ல கெடக்கணும், கேட்டியளா. கெடக்கவங்க கூரையப் பாப்பாவ, பொறவு மணி என்னன்னு கேப்பாவ, திரும்பக் கூரையப் பாப்பாவ. தொட்டி வந்த பொறவு ஒருத்தரும் எங்கிட்ட மணி கேக்கல்ல."



கடலிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்கமாட்டேன் என்பதில் உறுதியாக இருந்தார். சிமெண்டில் சிப்பித் தூளும் கல்லுப்பும் சேர்த்துப் பிசைந்து, ஈர மணல் குழியில் ஊற்றி, குகையும் மேடுமாகத் தானே பாறைகள் செய்தார். உப்பு கரைந்து போன இடமெல்லாம் துளை துளையாக, நிஜப் பாறைபோலவே இருந்தன. சிமெண்டின் காரம் போவதற்காக அவற்றை டிரம்களில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி ஒரு மழைக்காலம் முழுவதையும் கழித்தார்.

கடல் தண்ணீருக்குக் கடியப்பட்டணத்து மரியதாசன். சொந்தமாகப் பைபர் வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவர். கரையோரத் தண்ணீர் கலங்கலும் அழுக்குமாக இருக்கும் என்பதால் ஆழத்தில், நீலம் கறுத்துத் தெரிகிற இடத்தில் எடுத்ததுதான் வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். மரியதாசன் திரும்பி வரும்போது கேன்களில் நிரப்பி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார்.

"மீனு பிடிக்கப் போனவன் வெள்ளம் பிடிச்சிட்டு வாறான்னு கரையில சிரிக்கானுவ சிஸ்டர்."

"சிரிக்கட்டும். வெள்ளம் நல்ல வெள்ளமா?"

தொட்டி நிறைந்தது. மோட்டார் ஓடியது. மேலே நீல விளக்கு எரிந்தது. தண்ணீரைக் குளிரவைக்க ஒரு மெஷினும் ஓடியது. உள்ளே மீன் ஒன்றுகூட இல்லை. மாதக்கணக்கில் இல்லை. பார்க்க வந்தவர்கள் மரியாதைக்காகக் குனிந்து பார்த்துவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி, "சிஸ்டரு சிமெண்டுக் கல்லுக்கு ஏசி போட்டிருக்காவ" என்று சொன்னது திங்கள்நகர் சந்தை வரைக்கும் வந்து சேர்ந்தது. கற்கள் முதலில் பழுப்பாக அழுக்கேறின. பிறகு பச்சைப் பாசி பிடித்தது. என் கண்ணாடிக்குள் இப்படி ஒரு குட்டையா என்று எனக்கே சங்கடமாக இருந்தது. அவரோ பாசி கண்ட அன்று பழம்பொரி பொரித்துத் தந்தார். "இது வரணும் தம்பி. இது வந்தாத்தான் அடுத்தது வரும்."

ஒருநாள் மத்தியானம் கடைக்கு ஆள் அனுப்பினார். கண்ணாடியின் ஒட்டு விட்டுவிட்டது என்றே நினைத்து ஓடினேன். என் கையில் ஒரு லென்ஸைக் கொடுத்து, பாறையின் ஒரு மூலையைக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது, கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளை விசிறி. அது விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று விரிந்தது. அந்த மூலை முழுவதும் விசிறிகள். என் நிழல் பட்டதும் எல்லாம் ஒரே சமயத்தில் உள்ளே இழுத்துக்கொண்டன. மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். ஒவ்வொன்றாகத் திரும்ப வெளியே வந்தன. அந்தக் கல்லை அவர் பிசைந்தபோது நான் கூட இருந்திருக்கிறேன். சிமெண்ட் மூட்டை எந்தக் கடையில் வாங்கியது என்றுகூடத் தெரியும்.

"யாரு சிஸ்டர் இத உள்ள போட்டா?"

"யாரும் போடல்ல. வெள்ளத்துல வந்திருக்கும். எடம் கிட்டுனதும் இருந்துட்டு."

என் கை தானாகக் குவிந்துவிட்டது. கோயிலில்கூட எனக்கு அப்படி ஆனதில்லை. சார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அன்று கிண்டல் செய்யவில்லை.

அதன் பிறகு, கொச்சியில் தொட்டியிலேயே வளர்த்து வெட்டிக்கொடுக்கிற ஒருவரிடமிருந்து எலும்பில்லாத மென்பவளங்கள் வந்தன. தோல்போல மடிந்து நிற்பது ஒன்று, காளான்போல விரிவது ஒன்று, பச்சைப் புல்போலக் கல்லின் மேல் படர்வது ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைசியாக மீன் வந்தது, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி. இத்தனை பெரிய தொட்டிக்கு இரண்டே மீனா என்று கேட்டவர்களிடம், "அவியளுக்கு வீடு பிடிக்கட்டும், பொறவு பாப்போம்" என்றார். சில வருஷங்களில் சிமெண்ட் கண்ணுக்கே தெரியவில்லை. தண்ணீர் போகிற திசைக்கெல்லாம் அந்தத் தோட்டம் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. ஏசி என்று சொன்ன அம்மா சாயங்காலங்களில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன்.

ஒருதரம் மரியதாசன் தண்ணீர்க் கேன்களோடு ஒரு வாளியையும் தூக்கி வந்தார். வலையில் சிக்கி வந்த கல்பவளம் ஒன்று உள்ளே இருந்தது. கையகலம், தேன் நிறம், உயிரோடு. "இது சிஸ்டருக்கு என் வக" என்று நீட்டினார். சிஸ்டர் முகத்தில் அப்படி ஓர் ஆசையை நான் கண்டதில்லை. வாளிக்கு முன் குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து சேலையை இழுத்துச் செருகினார்.

"இது எங்க கெடந்தது மரியதாசன்?"

"பாறைக்கு அந்தால சிஸ்டர்."

"அந்த எடம் தெரியுமா?"

"கண்ணக் கட்டி விட்டாலும் போவேன்."

"அப்ப வாங்க. கொண்டு வைப்போம்."

மரியதாசன் என்னைப் பார்த்தார். "நீங்க எதுக்கு சிஸ்டர்? நாளைக்குப் போவும்போது நானே போட்டுக்கிடுதேன்."

"நாளைக்கு வரைக்கும் வாளியில கெடந்தா செத்துரும். அதுவுமில்லாம, நீங்க கரைப்பக்கத்துலயே போட்டுருவீய."

மரியதாசன் சிரித்துவிட்டார். அதைத்தான் செய்திருப்பார்.

நீச்சல் தெரியாத, அதுவரை வள்ளத்தில் கால் வைத்திராத அந்த அம்மா அன்று கடியப்பட்டணத்தில் பைபர் வள்ளத்தில் ஏறினார். என் கடை வண்டியில்தான் கூட்டிப்போனேன். கடலுக்குள் போக எனக்கு தைரியம் இல்லாததால் கரையோடு நின்றுவிட்டேன். அவர் மடியில் வாளி, வாளி மேல் ஈரத்துணி, தலைக்கு மேல் குடை. முதல் அலை வள்ளத்தைத் தூக்கியடித்தபோது குடை பறந்தது, வாளி பறக்கவில்லை. மீன் வாங்க நின்ற பெண்கள் கூடைகளைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். திரும்பி வந்தபோது நனைந்து, முகம் வெளுத்து, நிற்க முடியாமல் மணலில் உட்கார்ந்தார்.

"வழி நெடுக வாந்தி," என்றார் மரியதாசன் என்னிடம் தாழ்ந்த குரலில். "ஆனா வாளியில வெள்ளம் மாத்துறத மட்டும் நிறுத்தல்ல. எறியப்படாதுன்னு பவளத்தக் கயித்துல கட்டிப் பையப் பைய எறக்க வச்சிட்டாவ."

அதற்குப் பிறகு வலையில் பவளம் சிக்கினால் மரியதாசன் அங்கேயே எடுத்து விட்டுவிடுவார். கரையேறியதும் போன் வரும். "சிஸ்டர், இன்னைக்கும் ஒண்ண விட்டாச்சு."

இரண்டாயிரத்துப் பதினேழு கார்த்திகையில் ஒக்கிப் புயல் ஒரு காலையில் வந்து அடித்துவிட்டுப் போனது. ரப்பரும் வாழையும் படுத்துவிட்டன. மரம் விழாத ரோடு இல்லை. கரண்ட் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. சிஸ்டர் வீட்டு இன்வெர்ட்டர் அன்றே தீர்ந்தது. பிறகு ஜெனரேட்டரில் தொட்டி ஓடியது. நான் கிடைத்த இடத்திலெல்லாம் டீசல் வாங்கிக் கேனில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி மரியதாசன் வந்தார். நான் டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு சாக்கு.

"சிஸ்டர், போனு சார்ஜ் போடணும்."

சாக்குக்குள் நிறையப் போன்கள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. ஒரு தெருவின் போன்கள். புயலுக்கு முன் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. காற்று தள்ளிக்கொண்டுபோய் லட்சத்தீவிலும் அதற்கு அப்பாலும் கரையேறிய சிலர், யாரிடமோ போன் வாங்கி வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று தகவல். இங்கே எடுப்பதற்குப் போனில் உயிர் இல்லை. மரியதாசனின் மகள் செலினுடைய மாப்பிள்ளையும் போயிருந்தார். அவளுடைய போன் சாக்கில் இல்லை. அதை மரியதாசன் சட்டைப்பையில் தனியாக வைத்திருந்தார்.

எதையும் நின்று யோசித்தே செய்கிற சிஸ்டர் அன்று நிற்கவில்லை.

"தம்பி, ஒங்க வண்டி கடியப்பட்டணம் வரைக்கும் போவுமா?"

"மெயின்ரோட்டுல மரத்த வெட்டி ஒதுக்கியிருக்காவ. போயிரலாம்."

"ஜெனரேட்டர ஏத்துங்க. கோயில்ல கொண்டு எறக்குங்க. எல்லாரும் அங்கயே சார்ஜ் போடட்டும்."

மரியதாசன் தொட்டியைக் காட்டினார். "அப்ப இது, சிஸ்டர்?"

"இதுக்கு யாரும் போன் பண்ண மாட்டாவ," என்றார்.

நாலு பேர் சேர்ந்து ஜெனரேட்டரைத் தூக்கினோம். அந்த வீட்டில் மோட்டார் சத்தம் இல்லாமல் நான் நின்றது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் ஒரு செம்பை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறி, தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்ற ஆரம்பித்தார். தண்ணீரில் காற்று கலக்காவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் மூச்சுமுட்டிப் போகும். மறுபக்கம் சார் ஒரு குவளையோடு நின்றார்.

கோயிலில், அதாவது கடியப்பட்டணத்துச் சர்ச்சில், ஜெனரேட்டரை இறக்கி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நான் திரும்பியபோது, ஹாலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தது அந்த ஏசி அம்மாதான். சிஸ்டரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அதிலிருந்து கரண்ட் வரும்வரை முறை வைத்து ஊற்றினோம். கை வலித்தவர் இறங்குவார், அடுத்தவர் ஏறுவார்.

டீசல் கொண்டுபோகும்போதெல்லாம் கோயிலில் பார்த்தேன். நீளப் பலகையில் போன்கள் வரிசையாக இருக்கும். ஒன்று அடித்தால் போதும், அங்கே இருக்கிற பெண்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஒருத்தி ஓடுவாள். மற்றவர்கள் மெதுவாகத் திரும்ப உட்காருவார்கள். சிலருடைய போன் அடித்தது. செலினுடையது அடிக்கவில்லை.

கரண்ட் வந்தபோது தோல்பவளம் உருகிப் போயிருந்தது. பச்சைப் படர்வில் பாதி இல்லை. மீன் இரண்டும் இருந்தன.

அந்த வாரமே ஒரு வேனில் கடியப்பட்டணத்துப் பெண்கள் சிலர் வந்து இறங்கினார்கள். ஜெனரேட்டரைத் தந்ததால் சிஸ்டரின் தொட்டி கெட்டுவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறார்கள். வள்ளம் ஒன்றும் கடலுக்குப் போகாத நாட்கள் அவை. அவர்களே கரையில் இறங்கிக் குடங்களில் தண்ணீர் மொண்டு வந்திருந்தார்கள். புயல் கலக்கிய தண்ணீர், மண் நிறத்தில் இருந்தது. ஒரு குடம் உள்ளே போனாலும் மிச்சமிருப்பதும் போய்விடும் என்று எனக்கே தெரியும். முன்னால் நின்றவள் செலின்.

"இத ஊத்தட்டா சிஸ்டர்?"

"இப்ப ஊத்தப்படாது மக்ளே. கலங்கிக் கெடக்குல்லா. டிரம்முல விட்டு வைப்போம், தெளியட்டும்."

"எத்தன நாளாவும்?"

"நாளு சொல்ல முடியாது."

"பரவாயில்ல. நான் வந்து பாத்துக்கிடுதேன்."

வந்தாள். மாமியாருக்கு மருந்து வாங்க நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளெல்லாம் வந்து, டிரம்மின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தொட்டிக்கு முன்னால் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். திரும்பாதவர்களின் ஆன்மாவுக்காக ஊரில் பூசை வைத்த அன்று அவள் கோயிலுக்குப் போகவில்லை. இங்கேதான் இருந்தாள். தை மாதத்தில் தண்ணீர் அடிவரை தெரிகிற அளவுக்குத் தெளிந்துவிட்டது.

"செலின், தெளிஞ்சிட்டு. எடுத்துக்கிடட்டா?" என்றார் சிஸ்டர்.

அவள் மூடியை எடுத்து மூடினாள். "வேண்டாம் சிஸ்டர். இன்னும் கொஞ்ச நாளு கெடக்கட்டும்."

"சரி மக்ளே."

மாசியில் மண்டைக்காட்டுக் கோயில் கொடை முடிந்தது. மழைக்காலம் வந்து போனது. மரியதாசன் மறுபடி கடலுக்குப் போய், ஆழத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். தொட்டியில் பச்சை திரும்பப் படர்ந்தது. அந்த டிரம் மட்டும் வீட்டின் பக்கவாட்டில் மூடியபடி இருந்தது; செலின் வந்தாலும் அதைத் திறக்கவில்லை.

அடுத்த கார்த்திகைக்கு முன்னால் ஒருநாள், தொட்டியின் ஓரத்தில் சிலிக்கான் பூச நான் போயிருந்தபோது செலின் வந்தாள். கூட அவளுடைய சின்ன மகள்.

"எடுத்துருவோம் சிஸ்டர்," என்றாள்.

டிரம்மைச் சுற்றி நின்றோம். மூடிக் கிடந்த கடல் தண்ணீர் இத்தனை மாதத்தில் அழுகி நாறும் என்று நினைத்து நான் ஓர் எட்டு விலகினேன். செலினும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூடியைத் தூக்கினாள். நாற்றம் இல்லை. தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் கைப்பிடி அளவு மோட்டார் ஒன்று ஓடியது. அதன் வயர் சுவர்த் துளை வழியாக வீட்டுக்குள் போயிருந்தது.

"இது எதுக்கு சிஸ்டர் அனங்குது?"

"அனங்காம நின்னா கெட்டுப்போவும் மக்ளே. கெடக்கட்டும்னு நீ சொன்ன அன்னைக்கே மோட்டர் போட்டுட்டேன்."

செலின் முழங்கை வரை கையை உள்ளே விட்டு, தண்ணீர் சுற்றுகிற பக்கமே கையை விட்டுவிட்டு நின்றாள். பிள்ளையும் எட்டி விரலை நனைத்தது.

வாளி வாளியாக உள்ளே கொண்டுபோனோம். செலின் ஸ்டூலில் ஏறி நின்று செம்பால் மொண்டு தொட்டியில் ஊற்றினாள். தண்ணீர் விழுகிற இடத்துக்கு மீன்கள் இரண்டும் வந்து நின்று, போகாமல் அங்கேயே துடுப்படித்துக்கொண்டிருந்தன. பிள்ளை கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தது. டிரம் காலியாகி, அந்தப் புயல் தண்ணீரில் கடைசியாக ஒரு செம்பு வாளியில் மிஞ்சியது. அதை மொண்டவள் ஊற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் ஸ்டூலின் காலைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். "அவசரம் இல்ல மக்ளே," என்றார்.